இந்த ஹோஸ் எங்கே போக வேண்டும்? பழைய டர்போ கார்களின் வேக்குவம் இணைப்புகள்

கொழும்பில் பழைய டர்போ கார் வைத்திருப்பவர்களின் முறைப்பாடுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஐட்லிங் நிலையாக நிற்பதில்லை, ஏறி இறங்குகிறது. காலி வீதி நெரிசலில் ஊர்ந்துவிட்டு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. டர்போவின் இழுவை ஒரு நாள் இருக்கிறது, மறுநாள் இல்லை. பிளக் மாற்றியாயிற்று, எயார் ஃபில்டர் மாற்றியாயிற்று, 95 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கிறார்கள். டர்போவையே கழற்றிப் பார்த்துவிடலாம் என்று கராஜில் பேச்சு எழும் நேரத்தில்தான், சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லாத ஒரு றப்பர் ஹோஸை யாராவது தொட்டுப் பார்ப்பார். அது கையோடு ஒடிந்து வரும்.

ஸ்டார்லெட் ஜிடி டர்போ, செலிக்கா ஜிடி-ஃபோர், சில்வியா, ஆர்எக்ஸ்-7 போன்றவை 1980களின் கடைசியிலும் 1990களிலும் ஜப்பானில் தயாரானவை. இன்றைய கார்களில் கணினியும் சிறு மின்மோட்டார்களும் செய்கிற பல வேலைகளை அந்தக் காலத்தில் காற்றழுத்தமே செய்தது. வால்வைத் திறப்பதும் மூடுவதும், எரிபொருள் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. அதனால்தான் இத்தனை ஹோஸ்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியது உண்மைதான். ஆனால் வயது வரம்பு இருப்பதால் இப்படியான கார் இனிக் கப்பலில் வந்து இறங்கப் போவதில்லை. நாட்டில் இருப்பவையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்கியவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஹோஸைக் கழற்றியிருப்பார், இடம் மாற்றியிருப்பார், திருகாணியைச் செருகி அடைத்திருப்பார். ஆகவே இப்போது எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்து எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது. பழைய ஹோஸை அளந்து, அதே இடத்தில் புதியதைப் போடுவது பிழையையும் சேர்த்துப் புதுப்பிப்பதாகிவிடும்.

பலர் உடனே வரைபடம் தேடுவார்கள். வரைபடம் வேண்டும்தான். ஆனால் எது எதனோடு சேர்கிறது என்பதை மட்டுமே அது காட்டும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்று தெரியாதவருக்கு வரைபடத்தின் முப்பது கோடுகளும் ஒரே மாதிரித்தான் தெரியும். தெரிந்தவர், பாதி ஹோஸ்கள் எங்கே போக வேண்டும் என்பதை வரைபடம் இல்லாமலே சொல்லிவிடுவார். அதற்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: காற்று எஞ்சினுக்குள் போகும் வழியில் எந்த இடத்தில் என்ன அழுத்தம் இருக்கிறது.

வேக்குவம் என்றால் என்ன

செவ்விளநீரை ஸ்ட்ரோ வைத்துக் குடிக்கும்போது, நாம் இளநீரை மேலே இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறோம், அவ்வளவுதான். வெளிக்காற்றுத்தான் இளநீரை மேலே தள்ளுகிறது. எஞ்சினிலும் இதுவே நடக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் காற்றை வேண்டுகிறது. அக்சலரேட்டரில் இருந்து கால் எடுத்திருப்பதால், காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ரொட்டில் தட்டு ஏறத்தாழ மூடியிருக்கிறது. வேண்டிய காற்று வராததால் த்ரொட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள மெனிஃபோல்டில் அழுத்தம் விழுகிறது. இந்தக் குறைவைத்தான் வேக்குவம் என்கிறோம்.

கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஆரோக்கியமான எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது மெனிஃபோல்டுக்குள் சுமார் 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான் இருக்கும். வேக்குவம் மானியில் இது ஏறத்தாழ 18 முதல் 22 அங்குலப் பாதரசமாகத் தெரியும். வெளியே 101, உள்ளே 35 என்றால் அந்த வித்தியாசம் ஒரு சவ்வைத் தள்ளவும் ஒரு நெம்புகோலை அசைக்கவும் தாராளமாகப் போதும். பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டர் இந்தப் பலத்தில்தான் வேலை செய்கிறது.

டர்போ இல்லாத காரில் கதை இத்தோடு முடிந்துவிடும். மெனிஃபோல்டில் வெளிக்காற்றை விட அழுத்தம் ஒருபோதும் கூடாது. எஞ்சின் புகையின் விசையில் சுழன்று காற்றை அமுக்கி அனுப்பும் டர்போ வந்தவுடன் அதே மெனிஃபோல்டில், அதே ஹோஸில், ஒரு நொடியில் 35 கிலோபாஸ்கலும் அடுத்த சில நொடிகளில் 170 கிலோபாஸ்கலும் இருக்கக்கூடும். வெளிக்காற்றுக்கு மேல் ஏறும் இந்த அழுத்தம்தான் பூஸ்ட். உறிஞ்சிக்கொண்டிருந்த குழாய் இப்போது ஊதுகிறது. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாக விளங்கும்.

மூன்று இடங்கள்

காற்று போகும் வழியைப் பின்தொடருங்கள். எயார் ஃபில்டர், அதன் பின் காற்றை அமுக்கும் டர்போவின் கம்ப்ரஸர், பிறகு அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், த்ரொட்டில், மெனிஃபோல்ட். இந்த வழியை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஃபில்டருக்கும் கம்ப்ரஸருக்கும் இடைப்பட்டது முதலாவது. இதை உறிஞ்சு பக்கம் என்போம். கம்ப்ரஸர் இங்கிருந்து காற்றை எடுப்பதால் அழுத்தம் வெளிக்காற்றை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். பூஸ்ட் இங்கே எப்போதும் வராது.

கம்ப்ரஸரில் இருந்து த்ரொட்டில் தட்டுவரை இரண்டாவது. இது அழுத்தப் பக்கம். ஐட்லிங்கில் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தமே இருக்கும், டர்போ சுழன்றெழும்போது பூஸ்ட் இருக்கும். பலமான வேக்குவம் இங்கே தோன்றாது, ஏனெனில் அதை உண்டாக்கும் த்ரொட்டில் தட்டு இதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

த்ரொட்டிலுக்குப் பின்னால் உள்ளது மெனிஃபோல்ட் பக்கம். வேக்குவமும் பூஸ்டும் இரண்டும் வருவது இங்கே மட்டும்தான்.

த்ரொட்டில் பொடியிலேயே, தட்டின் விளிம்பை ஒட்டினாற்போல் சில சிறு முனைகள் இருக்கும். தட்டு மூடியிருக்கும்போது அவை அழுத்தப் பக்கத்தில் இருக்கின்றன. தட்டு சிறிது திறந்ததும் மெனிஃபோல்ட் பக்கத்துக்கு வந்துவிடுகின்றன. ஐட்லிங்கில் வேக்குவம் வேண்டாம், கால் வைத்ததும் வேண்டும் என்ற வகை வேலைகளுக்கு இவை. பெற்றோல் தாங்கியின் ஆவியைச் சேமிக்கும் கரிக்குடுவைக்கும், புகையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வுக்கும் பல கார்களில் இங்கிருந்துதான் ஹோஸ் போகும். மெனிஃபோல்ட் முனைக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் இருப்பதால் இரண்டையும் மாற்றிச் செருகுவது வழக்கமான பிழை. விளைவு, ஐட்லிங்கில் வேலை செய்யக்கூடாத ஒன்று வேலை செய்து எஞ்சினைத் திணறடிக்கும்.

யாருக்கு என்ன வேண்டும்

இனி ஹோஸின் மறுமுனைக்குப் போவோம். அங்கே உள்ள பாகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி: இதற்கு வேக்குவம் மட்டும் வேண்டுமா, பூஸ்ட் மட்டும் வேண்டுமா, இரண்டும் வேண்டுமா, அல்லது தன்னிடம் உள்ள காற்றை எங்காவது கொட்ட வேண்டுமா?

இரண்டும் வேண்டியவை மெனிஃபோல்டோடு நேரடியாக, இடையில் எதுவும் இல்லாமல் இணைய வேண்டும். எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர், மெனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர், த்ரொட்டில் சட்டென்று மூடும்போது மிஞ்சும் பூஸ்டை வெளியேற்றும் ப்ளோ-ஆஃப் வால்வின் மேல்முனை, டாஷ்போர்டில் உள்ள பூஸ்ட் மானி ஆகியவை இந்த வகை.

இவற்றில் ரெகுலேட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எஞ்சினைக் கொல்லக்கூடிய ஹோஸ் இது. பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஒரு பக்கம் பெற்றோல் அழுத்தம், மறுபக்கம் மெனிஃபோல்ட் அழுத்தம். எவ்வளவு பெற்றோல் பாயும் என்பதை இவ்விரண்டின் வித்தியாசமே தீர்மானிக்கிறது. வித்தியாசம் மாறாமல் இருந்தால்தான், இன்ஜெக்டரை இத்தனை மில்லி செக்கன் திறந்தால் இத்தனை பெற்றோல் என்ற கணினியின் கணக்கு சரிவரும். அதற்காகவே ரெகுலேட்டருக்கு மெனிஃபோல்டில் இருந்து ஹோஸ். வேக்குவம் வந்தால் அது பெற்றோல் அழுத்தத்தை அதே அளவு குறைக்கும், பூஸ்ட் வந்தால் அதே அளவு கூட்டும்.

இந்த ஹோஸ் கழன்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். பெற்றோல் அழுத்தம் 3 பாரிலேயே நிற்கிறது. மெனிஃபோல்டில் 0.7 பார் பூஸ்ட் ஏறுகிறது. வித்தியாசம் 2.3 பாராகிவிடுகிறது. பாய்ச்சல் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், ஏறத்தாழ 12 வீதம் பெற்றோல் குறைகிறது. அதுவும் எஞ்சினுக்கு மிக அதிகமாகப் பெற்றோல் வேண்டிய நேரத்தில். காற்று-பெற்றோல் கலவை மெலிந்து, சூடு ஏறி, கலவை தானாகவே வெடிக்கும் நொக்கிங் தொடங்கி, பிஸ்டன்வரை போய் முடியலாம். ஐட்லிங்கிலோ கலவை சற்றுத் தடித்திருக்கும், அவ்வளவுதான். சாவகாசமாக ஓட்டினால் எதுவும் தெரியாது. ஆபத்து மறைந்திருப்பது அதனால்தான்.

ரெகுலேட்டர் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே பெற்றோல் ஈரமோ மணமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது, பெற்றோல் நேராக மெனிஃபோல்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஹோஸை மாற்றிப் பயனில்லை. டொயோட்டாவின் சில எஞ்சின்களில் இந்த ஹோஸின் நடுவே, மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலனொயிட் வால்வு இருக்கும். சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது சிறிது நேரம் வேக்குவத்தைத் துண்டித்து, பெற்றோல் அழுத்தத்தைக் கூட்டி, குழாயில் ஆவி கட்டுவதைத் தடுப்பதற்கு அது. இதைத் தேவையில்லாதது என்று கழற்றிவிட்டு, நெரிசலில் நின்ற பிறகு கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கவலைப்படுபவர்கள் உண்டு.

மேப் சென்சர் ஹோஸ் கழன்றால் கணினி வெளிக்காற்றையே மெனிஃபோல்ட் அழுத்தமாக எண்ணிக்கொள்ளும். ஐட்லிங்கில் அளவுக்கு மிஞ்சிப் பெற்றோலை ஊற்றும். பூஸ்டில் இதற்கு நேர்மாறாகக் குறைத்து ஊற்றும். இந்த ஹோஸில் வேறெதையும் டீ (மும்முனை இணைப்பு) போட்டு இணைக்கக்கூடாது. பூஸ்ட் மானி பொருத்துபவர்கள் கைக்கு எட்டியது என்று இதைத்தான் வெட்டுவார்கள். நான் பார்த்த அவசரப் பொருத்தல்களில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான்.

வேக்குவம் மட்டும் வேண்டியவை பிரேக் பூஸ்டர், எஞ்சின் அடிப்பகுதியின் ஆவியை உறிஞ்சும் பிசிவி, கரிக்குடுவை, வேக்குவத்தைச் சேமித்து வைக்கும் சிறு தாங்கிகள். இவற்றுக்குள் பூஸ்ட் போகக்கூடாது. ஆகவே மெனிஃபோல்டில் இருந்து போகும் வழியில் ஒருவழி வால்வு இருந்தே ஆக வேண்டும். அது பாகத்தில் இருந்து மெனிஃபோல்டை நோக்கி மட்டும் காற்றை விட வேண்டும். வாயால் ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெற்றோல் ஆவி போகும் வால்வில் வாயை வைக்க வேண்டாம், அதற்கு சிரிஞ்ச் இருக்கிறது. பிரேக் பூஸ்டர் வால்வைத் திருப்பிப் போட்டால் பெடல் கல்லாக இருக்கும். பிசிவி வால்வு பழுதானால் பூஸ்ட் எஞ்சினின் அடிப்பகுதிக்குள் புகுந்து ஒயில் சீல்களைத் தள்ளும், ஒயில் அளவுகோலே மேலெழும்பி நிற்கும். எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று எண்ணி ரிங்ஸ் மாற்றப் போகுமுன் இந்தச் சின்ன வால்வைப் பார்ப்பது நல்லது.

வேக்குவம் தாங்கி எதற்கென்று கேட்கலாம். முதல் இரண்டு தலைமுறை செலிக்கா ஜிடி-ஃபோரில் டிவிஸ் என்றொரு ஏற்பாடு உண்டு. குறைந்த வேகச் சுழற்சியில் மெனிஃபோல்டின் பாதிக் குழாய்களைத் தட்டுகளால் மூடி, காற்றை விரைவாக ஓடச் செய்யும். தட்டுகளை மூட வேக்குவம் வேண்டும். ஆனால் கால் அழுத்தி பூஸ்ட் வந்துவிட்டால் மெனிஃபோல்டில் வேக்குவமே இல்லை. ஐட்லிங்கில் சேமித்ததைத் தாங்கி அப்போது கொடுக்கிறது. தாங்கிக்கு முன்னால் உள்ள ஒருவழி வால்வு கசிந்தால் சேமிப்பு கரைந்துவிடும்.

பூஸ்ட் மட்டும் வேண்டியது வேஸ்ட்கேட். டர்போவைச் சுற்றும் புகையின் ஒரு பகுதியை வேறு வழியாகத் திருப்பிவிட்டு, பூஸ்ட் அளவுக்கு மேல் ஏறாமல் காப்பது அதன் வேலை. அதன் கதவைத் திறக்கும் அக்டுவேட்டருக்கு அழுத்தப் பக்கத்தில் இருந்து, பெரும்பாலும் கம்ப்ரஸரின் உடலிலேயே உள்ள முனையில் இருந்து, ஹோஸ் வர வேண்டும். அந்த அழுத்தம் சவ்வைத் தள்ள, கதவு திறக்கும். இந்த ஹோஸ் கழன்றாலோ, உறிஞ்சு பக்க முனையில் தவறாகச் செருகப்பட்டாலோ, எவ்வளவு பூஸ்ட் ஏறினாலும் வேஸ்ட்கேட்டுக்குத் தெரியாது. கார் திடீரென்று அசுர வேகத்தில் இழுக்கும். ஓட்டுபவர் மகிழ்வார், கொஞ்ச நேரம்.

பல கார்களில் இந்த ஹோஸில் ஒரு டீ இருந்து, அதிலிருந்து ஒரு கிளை சொலனொயிட் வால்வு வழியாக உறிஞ்சு பக்கத்துக்குப் போகும். சொலனொயிட் திறந்தால் அழுத்தத்தின் ஒரு பகுதி அங்கே கசிந்துவிட, வேஸ்ட்கேட் உண்மையை விடக் குறைவான அழுத்தத்தையே உணர்ந்து தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் கூடும். ஸ்டார்லெட் ஈபி82 ஜிடி டர்போவின் டாஷ்போர்டில் பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்க இருக்கும் சுவிட்ச் இப்படியொரு வால்வைத்தான் இயக்குகிறது. கசியவிடும் ஏற்பாடு சரியாக வேலை செய்ய, ஹோஸுக்குள் ஊசித்துளை கொண்ட சிறு பித்தளைக் குண்டு ஒன்றைச் சில தயாரிப்பாளர்கள் வைத்திருப்பார்கள். வெளியே தெரியாது. பழைய ஹோஸைக் குப்பையில் போடுமுன் நீளம் முழுவதும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் வெட்டி எடுத்து, புதிய ஹோஸில் அதே இடத்தில் வையுங்கள். அது இல்லாமல் பூஸ்ட் ஒருபோதும் முந்தைய அளவில் நிற்காது.

கொட்டுபவை உறிஞ்சு பக்கத்துக்குப் போகும். ப்ளோ-ஆஃப் வால்வின் பெரிய வெளியேறும் குழாய், வேஸ்ட்கேட் சொலனொயிட்டின் கசிவு, எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரில் இருந்து வரும் ஆவி ஹோஸ் ஆகியவை.

கையில் எடுக்குமுன்

பொனட்டின் உட்புறத்தில் தயாரிப்பாளர் ஒட்டிய வேக்குவம் வரைபடம் பல கார்களில் இன்னும் இருக்கும். ஜப்பானிய எழுத்தில் இருந்தாலும் கோடுகளுக்கு மொழி தேவையில்லை, எழுத்துகளைக் கைப்பேசி வாசித்துத் தரும். மீளப் பெயின்ட் அடித்த காரில் அது போயிருக்கும். அப்போது அதே எஞ்சின் வகைக்குரிய சேவிஸ் கையேட்டைத் தேடுங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு ஹோஸ்கள் மாறும். எஞ்சின் மாற்றப்பட்ட காரில் பொனட்டில் உள்ள வரைபடம் வேறொரு எஞ்சினுடையதாகக்கூட இருக்கலாம்.

எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் கழற்றும் உற்சாகம் வேண்டாம். ஒன்றைக் கழற்று, ஒன்றைப் போடு. கழற்றுமுன் படம் எடுத்து, இரு முனையிலும் மாஸ்கிங் டேப்பில் ஒரே எண்ணை எழுதுங்கள். ஒரு தாளில் காற்றின் வழியை மேற்சொன்ன மூன்று பகுதிகளாக வரைந்து, ஒவ்வொரு ஹோஸும் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் குறியுங்கள். வேஸ்ட்கேட்டின் கோடு மெனிஃபோல்டில் தொடங்கினால், அல்லது பிரேக் பூஸ்டருக்குப் போகும் கோட்டில் ஒருவழி வால்வு இல்லையென்றால், உங்கள் படமே பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

முப்பது வருடமான றப்பர் முனையை விட்டு வராது. இழுத்தால் முனைதான் உடையும், அதுவும் சொலனொயிட்டின் பிளாஸ்டிக் முனை. நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்து எடுங்கள். ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தான்.

அடைக்கப்பட்ட முனைகளைப் பார்த்துப் பதற்றப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். "இது தேவையில்லாத ஹோஸ், அடைத்துவிட்டேன்" என்று கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்வது சில வேளை சரியாகவும் இருக்கும். எது என்று கேளுங்கள். கரிக்குடுவை அல்லது ஈஜிஆர் என்றால் கார் ஓடும், பெற்றோல் மணமும் புகையும்தான் சிக்கல். ரெகுலேட்டர், வேஸ்ட்கேட், பிசிவி என்றால் அன்றே திறக்க வேண்டும்.

எந்த ஹோஸ் வாங்குவது

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். உள்விட்டம் 3, 4, 6, 8 மில்லிமீற்றர் என்று வரும். பழைய ஹோஸின் துண்டைக் கொண்டுபோவதை விட, முனையின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போவது மேல். பழைய றப்பர் விரிந்திருக்கும். புதியது முனையை விடச் சற்று ஒடுங்கியதாக இருந்து, தள்ளிச் செருக வேண்டியதாக இருக்கட்டும்.

நிறநிறமான சிலிக்கன் ஹோஸ்கள் பார்க்க அழகு, சூட்டையும் நன்றாகத் தாங்கும். டர்போவுக்குப் பக்கத்தில் றப்பரை விட நீண்ட காலம் நிற்கும். ஆனால் பெற்றோலும் ஒயிலும் சிலிக்கனுக்கு ஆகாது, ஊறி வீங்கிவிடும். ஆகவே பிசிவி, வால்வ் கவர், கரிக்குடுவை ஹோஸ்களுக்கு சிலிக்கன் போடக்கூடாது. அவற்றுக்கு பெற்றோல், ஒயில் தாங்கும் றப்பர் வேண்டும். சுவர் மெல்லியதான மலிவு சிலிக்கன், வளைவில் மடிந்து ஐட்லிங் வேக்குவத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலால் அமுக்கினால் எளிதில் தட்டையாகிறது என்றால் வாங்காதீர்கள். மீன்தொட்டிக்கு விற்கும் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸை எஞ்சினில் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது இறுக்கமாக இருக்கும், சூட்டில் இளகி பூஸ்டில் கழன்றுவிடும்.

நிறத்தை அழகுக்குப் பதிலாக அடையாளத்துக்குப் பயன்படுத்தலாம். மெனிஃபோல்டில் இருந்து வருபவை நீலம், அழுத்தப் பக்கத்தவை சிவப்பு, உறிஞ்சு பக்கத்தவை கறுப்பு என்று வைத்துக்கொண்டால், அடுத்து கார் வாங்குபவரும் உங்களை வாழ்த்துவார்.

பூஸ்ட் வரும் முனைகள் எல்லாவற்றிலும் கிளிப் வேண்டும். வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் கார்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பு கிளிப்பைச் சீக்கிரமே தின்றுவிடும், துருப்பிடிக்காத எஃகு கிளிப்பாக இருக்கட்டும்.

கசிவைத் தேடுவது

அறிகுறியை வாசிக்க, காரில் காற்றை அளப்பது எது என்று தெரிய வேண்டும். சில்வியா போல, ஃபில்டருக்குப் பக்கத்தில் காற்று மீற்றர் உள்ள காரில், மெனிஃபோல்டில் ஓட்டை இருந்தால் அளக்கப்படாத காற்று ஐட்லிங்கில் உள்ளே நுழைந்து கலவையை மெலியச் செய்யும், எஞ்சின் தடுமாறும். பூஸ்டில் அளக்கப்பட்ட காற்று வெளியே போய்விட, கலவை தடித்துக் கரும்புகை வரும். ஸ்டார்லெட் டர்போ போல மேப் சென்சரை நம்பும் காரில் அதே ஓட்டை மெனிஃபோல்ட் அழுத்தத்தைக் கூட்டும், கணினி அதற்கேற்பப் பெற்றோலையும் கூட்டும். தடுமாற்றத்துக்குப் பதில் ஐட்லிங் உயர்ந்து நிற்கும், அல்லது ஏறி இறங்கும். ப்ளோ-ஆஃப் வால்வை வெளியே ஊதவிட்டு "ப்ஷ்" என்ற சத்தம் கேட்க ஆசைப்படுவதும் காற்று மீற்றர் உள்ள காருக்குப் பொருந்தாது. அளந்த காற்று ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வெளியே போகும், கலவை தடித்து எஞ்சின் நின்றேவிடலாம்.

தேடும் முறைகளில் காபரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பதுதான் கராஜ்களில் அதிகம். டர்போவின் புகைப்பக்கம் கனன்றுகொண்டிருக்கும் எஞ்சினில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பது எனக்கு உடன்பாடில்லை. பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலில் தண்ணீர் போதும். மின் இணைப்புகளைத் தவிர்த்து இணைப்புகள் மேல் தெளியுங்கள். ஓட்டையில் தண்ணீர் பட்ட நொடியில் ஐட்லிங் மாறும். அரை மீற்றர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை நகர்த்தினால் சீறல் சத்தமும் தெளிவாகக் கேட்கும்.

சவ்வுகளைச் சோதிக்க, பாமசியில் வாங்கும் 50 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று போதும். அக்டுவேட்டர் அல்லது ரெகுலேட்டர் முனையில் ஹோஸ் துண்டு ஒன்றால் இணைத்து இழுத்துப் பிடியுங்கள். சிறிது நேரம் கழித்து விட்டதும் தண்டு பாய்ந்து திரும்பினால் சவ்வு நல்லது. இழுத்த இடத்திலேயே சோர்ந்து நின்றால் காற்று எங்கிருந்தோ நுழைந்திருக்கிறது.

இவற்றில் பிடிபடாத கசிவு பூஸ்டில் மட்டும் திறப்பதாக இருக்கும். அதற்கு ஹார்ட்வெயார் கடையில் பிவிசி மூடி ஒன்றை வாங்கி, ரயர் வால்வு பொருத்தி, கம்ப்ரஸரின் வாயில் உள்ள றப்பர் குழாயில் கிளிப் போட்டு இறுக்குங்கள். வால்வ் கவர் ஹோஸை அடைத்துவிட்டு, அரை பார் அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், மூடிக்கு நேரே முகத்தையும் வைக்க வேண்டாம். சவர்க்கார நீரைப் பூசினால் குமிழி எழும் இடமே ஓட்டை. பிரேக் பூஸ்டருக்குத் தனிச் சோதனை: எஞ்சினை நிறுத்திப் பெடலைக் கெட்டியாகும்வரை பல முறை மிதித்து, கால் வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும்.

1991இன் கடைசியில் வந்து 2002வரை தயாரிக்கப்பட்ட மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் மட்டும் ஆரம்பநிலைக்காரர் தனியாக இறங்க வேண்டாம். அதில் இரண்டு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வருகின்றன. அந்த மாற்றத்தை நடத்த வேக்குவத்துக்கு ஒரு தாங்கி, பூஸ்டுக்கு ஒரு தாங்கி, மெனிஃபோல்டுக்குக் கீழே வரிசையாகச் சொலனொயிட்கள். மூன்று இடங்கள் என்ற கணக்கு அங்கேயும் மாறாது, ஆனால் ஒரு ஹோஸ் தவறினாலும் இரண்டாவது டர்போ வராமலே போகலாம்.

ஹோஸ் வேலையை வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கார்பன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கும் அந்தச் சோதனையில், கலவை தடித்தால் ஒன்று கூடும், மெலிந்து சிலிண்டர் தவறினால் மற்றது கூடும். சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது.

எல்லாம் முடிந்தபின் வேக்குவம் மானியை மெனிஃபோல்டில் இணைத்து, எஞ்சின் சூடான பிறகு, ஏசியை நிறுத்தி, ஐட்லிங்கில் மானி காட்டும் அளவை எழுதி வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஒப்பிடலாம். எங்கே எடுத்த அளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். வெள்ளவத்தையில் 20 காட்டிய கார், 1,868 மீற்றர் (ஏறத்தாழ 6,100 அடி) உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 14 காட்டினால் எந்த ஹோஸும் கழன்றிருக்க வேண்டியதில்லை.